யார் பக்கம் நிற்பது? அமெரிக்கக் கால்பந்தில் இரண்டாம் ஆதரவின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கால்பந்து எனப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும், ரக்பியிலிருந்து கிளைத்த ஆட்டமாகும். அதன் தலைமைத் தொழில்முறை அமைப்பான தேசியக் கால்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்.) இன்று 32 அணிகள் ஆடுகின்றன. செப்டம்பரில் தொடங்கும் லீக் சுற்று ஜனவரியில் முடிந்ததும், அவற்றுள் 14 அணிகள் மட்டும் பிளே ஆஃப் எனப்படும், தோற்ற அணி உடனே வெளியேறும் சுற்றுக்குள் நுழைகின்றன; அச்சுற்று பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டத்தோடு நிறைவுறுகிறது. ஆகவே பிளே ஆஃப் தொடங்கும் நாளிலேயே 18 அணிகளின் ரசிகர்களுக்கு ஆதரிக்கச் சொந்த அணி இல்லாமல் போகிறது. வாரந்தோறும் அவர்கள் தொகை பெருகி, இறுதி ஆட்டத்தன்று 30 அணிகளின் ரசிகர்கள் அந்நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்துவதில்லை. எஞ்சிய அணிகளுள் ஒன்றைத் தேர்ந்து, அந்தச் சில வாரங்களுக்கு அதன் பக்கம் நிற்கிறார்கள்.

இந்த இரண்டாம் ஆதரவு அவரவர் மனப்போக்கைச் சார்ந்த சிறு விஷயமாகத் தோன்றினாலும், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் ஆதரவு பெரும்பாலும் பிறந்த ஊராலும் குடும்பத்தாலும் வந்து சேர்வது. இரண்டாவதோ, போட்டியின் அமைப்பு, வானொலியின் எல்லை, தொலைக்காட்சி ஒப்பந்தம், ஆலை மூடல், அணிகளின் இடப்பெயர்ச்சி ஆகியவை கூடி உருவாக்கிய வழக்கம். தேர்வு ரசிகருடையதே எனினும், தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை ஏற்படுத்தியதும் அதன் எல்லைகளை வகுத்ததும் லீக்கின் அமைப்பும் வணிகமுமே.

லீக் 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் உருவெடுத்து, 1922-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் இறுதி ஆட்டம் என ஒன்று இல்லை. பருவ முடிவில் வெற்றிக் கணக்கைப் பார்த்துச் சாம்பியன் அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் ஊராரும் தத்தம் அணியின் ஆட்டத்தைக் கண்டு, பருவம் முடிந்ததும் கலைந்தனர். பிறர் அணிகளுள் ஒன்றன் பக்கம் சேரவேண்டிய தருணமே அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அந்நிலையை 1932-ஆம் ஆண்டு மாற்றியது. அப்பருவத்தில் சிகாகோ பேர்ஸ் அணியும் ஒஹையோவின் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் அணியும் தலா ஆறு வெற்றி, ஒரு தோல்வி என்ற கணக்கில் சமமாக நின்றதால் (சமனில் முடிந்த ஆட்டங்கள் அன்று கணக்கில் சேர்க்கப்படவில்லை), முடிவு காண ஓர் ஆட்டம் கூடுதலாக நடத்தப்பட்டது. கடுங்குளிரும் பனிப்பொழிவும் திறந்தவெளி ஆட்டத்தைத் தடுத்தமையால், டிசம்பர் 18 அன்று அது சிகாகோ ஸ்டேடியம் என்னும் கூரையிட்ட அரங்கில், சற்று முன்னர் நடந்த சர்க்கஸின் மண்ணும் விலங்குச் சாணமும் கலந்த தரையின்மீது, 80 கெஜ நீளமே கொண்ட குறுகிய களத்தில் ஆடப்பட்டது. ஸ்பார்ட்டன்ஸ் அணியின் தலைசிறந்த வீரரான டச்சு கிளார்க், கொலராடோவில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விட்டதால் ஆட வரவில்லை. பேர்ஸ் அணி 9–0 என வென்றது. இந்த ஆட்டம் ஈர்த்த கவனத்தைக் கண்ட உரிமையாளர்கள், 1933 முதல் லீக்கைக் கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாகப் பகுத்து, இரு பிரிவுகளிலும் முதலிடம் பெறுவோர் மோதும் ஆண்டு இறுதி ஆட்டத்தை நிலைப்படுத்தினர். தம் அணி இல்லாத ஓர் ஆட்டம் அந்த ஆண்டின் மிக முக்கியமான ஆட்டமாக இருக்கும் என்ற நிலையை, மற்ற ஊர்களின் ரசிகர்கள் அப்போதுதான் முதன்முறையாக எதிர்கொண்டனர்.

ஆனால் காணவோ கேட்கவோ இயலாத ஆட்டத்தில் பக்கம் சேர்வது அரிது. அக்குறையை முதலில் போக்கியது வானொலி. 1940 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த இறுதி ஆட்டத்தை மியூச்சுவல் வானொலி நிறுவனம் 2,500 டாலருக்கு உரிமை பெற்று, 120 நிலையங்கள் வழியே நாடு முழுவதும் ஒலிபரப்பியது. சிகாகோ பேர்ஸ் 73, வாஷிங்டன் 0 என முடிந்த அந்த ஆட்டம் லீக் வரலாற்றின் மிகப் பெரிய தோல்வியாக இன்றும் நிற்கிறது. அதே வானொலி, அணியே இல்லாத ஊர்களுக்கும் ஓர் அணியை அளித்தது. 1960 வரை தென் மாநிலங்களில் நிலைத்த அணி எதுவும் இல்லாதிருக்க, வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் தென்னக நிலையங்களை இணைத்து ஓர் ஒலிபரப்பு வலையை அமைத்து, அப்பெரும் நிலப்பரப்பின் வெள்ளையரைத் தம் அணியின் ரசிகர்களாக்கினார்.

அந்த ஆதரவுக்கு மற்றொரு முகமும் இருந்தது. மார்ஷல் தம் அணியில் கருப்பின வீரர் எவரையும் சேர்க்க மறுத்துவந்தார். லீக்கில் அத்தடையைக் கடைசியாகக் கைவிட்டது அவருடைய அணியே. புதிய அரங்கு மத்திய அரசின் நிலத்தில் அமைந்திருந்ததைக் கொண்டு உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யுடால் நெருக்கிய பின்னரே, 1962-இல் பாபி மிட்செல் முதலான கருப்பின வீரர்கள் அங்கு ஆடினர். அதுவரை வாஷிங்டன் நகரின் கருப்பின ரசிகர்களில் பலர், சொந்த ஊர் அணியை விடுத்து எதிரணியின் பக்கம் நின்றனர். ஊர்ப்பற்றைவிட நியாயம் பெரிதாகும்போது அது யாரை ஆதரிப்பது என்பதையும் தீர்மானிக்கும் என்பதற்கு இது காலத்தால் முந்திய சான்றுகளுள் ஒன்று.

தொலைக்காட்சி இந்த வழக்கத்தை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது. 1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 23–17 என வென்ற இறுதி ஆட்டம், லீக்கின் தொலைக்காட்சிச் செல்வாக்குக்கு அடித்தளமிட்டதாகக் கருதப்படுகிறது. 1961-இல் நிறைவேறிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் ஒன்றாகத் தொகுத்து விற்கவும் வருவாயைச் சமமாகப் பங்கிடவும் லீக்குக்கு வழிவிட்டது. அன்று ஏறத்தாழ 63,000 பேர் மட்டுமே வாழ்ந்த விஸ்கான்சினின் கிரீன் பே நகரம், நியூயார்க்குக்கு நிகராகப் பணம் பெற்று நிலைத்ததும், பொதுமக்களே பங்குதாரர்களாக உள்ள பேக்கர்ஸ் அணி வின்ஸ் லொம்பார்டியின் பயிற்சியில் ஐந்து முறை சாம்பியனாகி நாடெங்கும் ஆதரவாளர்களைச் சேர்த்ததும் இந்தப் பின்னணியில்தான்.

அக்காலத்தின் விந்தையான விதி, உள்ளூர் இருட்டடிப்பு என்பதாகும். நுழைவுச்சீட்டு விற்பனை குறையாமல் காக்க, ஓர் ஊரில் நடக்கும் ஆட்டத்தை அவ்வூர்த் தொலைக்காட்சியில் காட்டாதிருப்பதே அவ்விதி. எல்லாச் சீட்டுகளும் விற்றுத் தீர்ந்தாலும் அது தளரவில்லை. 1972 டிசம்பர் 23 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த பிளே ஆஃப் ஆட்டத்தில், ஸ்டீலர்ஸ் அணி ஓக்லண்ட் ரெய்டர்ஸிடம் 6–7 எனப் பின்தங்கியிருக்க, 22 வினாடிகளே எஞ்சியிருந்தன. ஸ்டீலர்ஸின் டெர்ரி பிராட்ஷா எறிந்த பந்து, மோதிக்கொண்ட இரு வீரர்களிடமிருந்து தெறித்துப் பின்னோக்கிப் பறக்க, அது தரையைத் தொடும் முன் பாதத்தருகே பிடித்த சக வீரர் ஃப்ராங்கோ ஹாரிஸ் எல்லைக்கோடு வரை ஓடி வெற்றியைப் பறித்தார். அமெரிக்கக் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற அந்த நிகழ்வை நாட்டின் மற்றப் பகுதியினர் வீட்டிலிருந்தபடியே கண்டனர். அரங்கில் இடம் கிடைக்காத பிட்ஸ்பர்க் மக்களோ காணவில்லை. பிளே ஆஃபின் பெரும் தருணங்கள் சொந்த ஊராரைவிட அயலாரையே எளிதாகச் சென்றடைந்த இந்த முரண், மக்களின் எரிச்சலைக் கிளறியதன் பயனாக, 72 மணி நேரத்துக்கு முன்பே சீட்டுகள் தீர்ந்துவிட்டால் இருட்டடிப்பு கூடாது என்னும் சட்டம் 1973-இல் இயற்றப்பட்டது.

இதனிடையே, அணியைத் தாண்டிய ஆதரவு வேறொரு வகையிலும் பிறந்தது. 1960-இல் களமிறங்கிய அமெரிக்கக் கால்பந்து லீக் (ஏ.எஃப்.எல்.) பழைய லீக்குக்குப் போட்டியாக வளர, 1966-இல் இரண்டும் இணைய உடன்பட்டன; இரு லீக்குகளின் சாம்பியன்களும் மோதிய முதல் ஆட்டம் 1967 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. புதிய லீக் தரத்தில் தாழ்ந்தது என்ற ஏளனத்தைத் தாங்கிவந்த அதன் ரசிகர்கள், பருவம் முழுதும் தாம் வெறுத்த அணியையே இறுதி ஆட்டத்தில் லீக்கின் மானம் காக்க ஆதரித்தனர். 1969 ஜனவரியில், 18 புள்ளிகள் வேறுபாட்டில் தோற்கும் எனக் கணிக்கப்பட்ட நியூயார்க் ஜெட்ஸ், அதன் வீரர் ஜோ நேமத் வெளிப்படையாகச் சூளுரைத்தபடியே பால்டிமோர் கோல்ட்ஸை 16–7 என வீழ்த்தியபோது, அது ஏ.எஃப்.எல். ரசிகர் அனைவரின் வெற்றியாகவும் கொள்ளப்பட்டது. 1970-இல் இணைப்பு முழுமையுற்று, பழைய லீக்கின் பால்டிமோர், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் அணிகள் தலா 30 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு முந்தைய ஏ.எஃப்.எல். அணிகளின் பக்கத்துக்கு மாறியதோடு அந்தக் கோடு மங்கிற்று. ஆயினும் தன் பிரிவைச் சேர்ந்த அணி வென்றால் தனக்கும் பெருமை என்று கருதுவோரும், பிரிவுக்குள் இருக்கும் பகையணி எந்நிலையிலும் வெல்லக்கூடாது என்று கருதுவோரும் இன்றளவும் உள்ளனர். சிகாகோ ரசிகர் கிரீன் பேக்கு எதிரான எந்த அணியையும் ஆதரிப்பது பிந்தியதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அதன்பின் பிளே ஆஃப் தொடர்ந்து விரிவடைந்தது. 1970-இல் 8 அணிகளும், 1978-இல் 10 அணிகளும், 1990-இல் 12 அணிகளும், 2020-இல் 14 அணிகளும் தகுதி பெற்றன. பிரிவில் முதலிடம் பெறாமல், அடுத்த நிலை வெற்றிக் கணக்கால் நுழையும் அணிக்கு வைல்டு கார்டு அணி என்று பெயர். இவ்வகை அணிகள் பெருகப் பெருக, வலியோரை எதிர்த்து மெலியோர் மோதும் ஆட்டங்களும் பெருகின. சார்பற்ற ரசிகர் மெலியார் பக்கம் சாயும் இயல்புக்கு இது தீனியாயிற்று. தோல்வியே காணாமல் 18 ஆட்டங்களை வென்று வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை 2008 பிப்ரவரியில் 17–14 என வீழ்த்திய நியூயார்க் ஜயன்ட்ஸ், அவ்வாறு நுழைந்த வைல்டு கார்டு அணியே.

ஆதரவைப் பரப்பிய மற்றொரு காரணம் புலம்பெயர்வு. 1970-களில் நான்கு சூப்பர் பவுல்களை வென்ற ஸ்டீலர்ஸின் ஊரில், 1980-களின் தொடக்கத்தில் எஃகு ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட, வேலை தேடித் தெற்கும் மேற்கும் சென்ற குடும்பங்கள் அணியையும் உடன் கொண்டுசென்றன. 1975-ஆம் ஆண்டுப் பிளே ஆஃபுக்காக வானொலி வருணனையாளர் மைரன் கோப் அறிமுகப்படுத்திய மஞ்சள் துண்டைச் சுழற்றும் பழக்கம், ஆயிரம் மைல் தொலைவிலுள்ள அரங்குகளிலும் காணப்படுவது இதனால்தான்.

பற்றைப் போலவே பகையும் பக்கத்தைத் தீர்மானிக்கிறது. 1984 மார்ச்சில் ஒரே இரவில் சரக்கு லாரிகளில் ஏற்றப்பட்டு, கோல்ட்ஸ் அணி பால்டிமோரிலிருந்து இண்டியானாபொலிஸுக்குச் சென்றது. அணியிழந்த பால்டிமோர், 1996-இல் கிளீவ்லாந்திலிருந்து வந்த அணியை ரேவன்ஸ் என்ற பெயரில் ஏற்றது. கிளீவ்லாந்து 1999-இல் புதிய அணியைப் பெற்றாலும், 2000-ஆம் ஆண்டுப் பருவத்தில் அது மூன்று ஆட்டங்களையே வென்றது. இழந்த அணியோ அதே பருவத்தின் சூப்பர் பவுலை வென்றது. தன்னிடமிருந்து போன அணி எங்கே வென்றுவிடுமோ என்று, சொந்த அணி ஆடாத ஆட்டத்தையும் பதற்றத்தோடு பார்க்கும் நிலையை இந்த இடமாற்றங்கள் உருவாக்கின.

அண்மைக் காலத்தில் பணயம் இந்த வழக்கத்தை வேறு திசைக்குத் திருப்பிவருகிறது. வீரர்களின் ஆட்டக் கணக்கைக் கொண்டு கற்பனை அணிகளை மோதவிடும் ஃபேன்டசி ஆட்டம், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் பங்குதாரரான பில் விங்கன்பாக்கின் முயற்சியால் 1960-களின் தொடக்கத்தில் தோன்றியது. 2018 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்திய 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியபின், பல மாநிலங்களில் பந்தயம் சட்டபூர்வமானது. ஓர் அணியின் வெற்றியைவிட ஒரு வீரரின் கெஜக் கணக்கோ புள்ளி வேறுபாடோ சிலருக்கு முதன்மையாகிவிட்டதால், ஒரே ஆட்டத்தில் இரு பக்கமும் நிற்க நேர்வோர் உருவாகியுள்ளனர்.

இவ்வழக்கம் லீக்குக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை இறுதி ஆட்டத்தின் ஏற்பாடே உணர்த்துகிறது. சூப்பர் பவுல் நடக்கும் ஊர் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுவதால், அது பெரும்பாலும் இரு அணிகளுக்கும் அயலூராகவே அமைகிறது. சொந்த அரங்கில் ஆடும் வாய்ப்பு 2021-இல்தான் முதன்முதலாக ஓர் அணிக்கு, டம்பா பேக்கு, கிட்டியது. 2010 பிப்ரவரியில், 2005-ஆம் ஆண்டுக் கத்ரீனா புயலின் அழிவிலிருந்து மீண்டுகொண்டிருந்த நியூ ஆர்லியன்ஸ், இண்டியானாபொலிஸை 31–17 என வென்ற ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 10.65 கோடிப் பேர் பார்த்தனர். அவ்விரு நகரங்களும் உள்ள லூசியானா, இண்டியானா மாநிலங்களின் மொத்த மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 1.1 கோடி. எனவே பார்த்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கேனும் அந்த ஆட்டத்தில் சொந்த மாநிலத்து அணி இல்லை. அவர்கள் ஏதோ ஒரு காரணம் கண்டு யாரோ ஒருவர் பக்கம் நிற்பதாலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய வணிக நாள் நிலைபெற்றிருக்கிறது.