எண்ணூர்க் கழியும் பறவை நோக்கரும்

வடசென்னையின் வரலாறு துறைமுகம், இருப்புப்பாதை, ஆலை என்னும் மூன்றனுள் அடக்கியே பெரும்பாலும் எழுதப்பெறுகிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் தொடர்வண்டி புறப்பட்டதும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பெற்றதும் ஆண்டு பிறழாமல் பதிவாகியுள்ளன. ஆனால் அதே நிலத்திற்கு ஆண்டுதோறும் வந்து மீளும் பறவைகளுக்கும், அவற்றை நோக்கி அறிந்தோர்க்கும் அவ்வரலாற்றில் இடம் மிகச் சிறிது.

கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடம் எண்ணூர்க் கழி. அதன் வடபால் காட்டுப்பள்ளித் தீவு. அதற்கும் அப்பால் பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. மலையேறி உயிரினம் காண விழைவோர்க்கு இங்கு மலை இல்லை. சேறும் மணலும் அலையாத்தியுமே உண்டு. ஓதம் வற்றியபின் வெளிப்படும் சேற்றில் புழுவும் நண்டும் கிடைத்தலால், குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து உள்ளான் இனங்கள் வந்திறங்குகின்றன. ஆழமற்ற உவர்நீரில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, நீரை வடித்து இரை கொள்கின்றன.

இந்தியப் பறவையியலின் முன்னோடிகளுள் ஒருவர் தாமஸ் ஜெர்டான். சென்னைப் படையின் மருத்துவராகப் பணியாற்றிய அவர், இந்தியப் பறவைகளைப் பற்றிய தம் பெருநூலை 1862 முதல் 1864 வரை வெளியிட்டார். அதற்கு முன்னர் நெல்லூரில் மருத்துவராக இருந்த காலத்தில், யானாதிப் பழங்குடியினரிடமிருந்து உயிரினச் செய்திகள் பலவற்றைத் திரட்டினார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நூலின் முகப்பில் ஜெர்டான் பெயர் நின்றது. செய்தி தந்தவர் பெயர்கள் நிற்கவில்லை. கடற்கரை மீனவர் நிலையும் அதுவே. ஆலாக்கள் கூட்டமாகப் பாய்ந்து விழுமிடத்தில் மீன்திரள் உண்டென அறிந்து வலை வீசியவர்கள், தம் அறிவைப் பறவையியல் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு.

தமிழ்ப் புலமைக்கும் இவ்வறிவு அயலானதன்று. சத்திமுத்தப் புலவர் தூதுவிட்ட நாரையின் கால்நிறத்தையும் அலகின் வடிவையும் குறித்துப் பாடியமையாலேயே, அது வடக்கிலிருந்து வலசை வரும் செங்கால் நாரை என இன்று இனங்காண முடிகிறது. வறுமையைப் பாடிய கவிதை, அதனால் இயற்கைச் சான்றாகவும் நிலைபெற்றது. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இருபதாம் நூற்றாண்டில் அத்தகைய கூர்நோக்கைத் தமிழ் உரைநடையிலும் நிலைநாட்டினார். 1978இல் தோன்றிய சென்னை இயற்கையாளர் சங்கம் பறவை நோக்கலை நகரத்தார் பழக்கமாக வளர்த்தது.

நோக்கர் பெருகிய காலத்திலேயே கழி சுருங்கியது. அனல்மின் சாம்பல் கழியில் படிந்தது. காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம் எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழியெங்கும் பரவியது. கூழைக்கடாக்களின் வெண்சிறகு கருமையாயிற்று; மீனவர் வலைகளும் படகுகளும் அவ்வாறே ஆயின. பறவைக்கும் மனிதர்க்கும் கேடு ஒன்றே என்பதை அந்நாள் காட்டிற்று.

நெய்தலைப் பாடும் இற்றைக் கவிஞர் பலர் நாரை என்று எழுதுகின்றனர். எந்த நாரை, எந்தத் திங்களில், எந்த நீரில் என்று எழுதுவோர் சிலரே. ஒரு புலவர் கண்ணால் கண்டு பாடியது நூற்றாண்டுகள் கடந்தும் சான்றாக நிற்கிறது. எண்ணூர்க் கழியில் இன்று எஞ்சியிருப்பவற்றுக்கும் அத்தகைய சான்று வேண்டும். அதனைப் பெறக் கழிக்கரைக்கு நேரிற் செல்லவேண்டும்; அங்குள்ள மீனவரிடம் பறவைகளின் பெயரைக் கேட்டறியவேண்டும்.