சுவர் முழுக்க திருநங்கையர் ஓவியம்: வரைவது யார்? எதற்காக? காரைக்காலில் வரைய முடியுமா?

ஜூன் மாதம் வந்தாலே வானவில் கொடிகளைப் பார்க்கிறோம். சில ஊர்களில் அந்த வண்ணங்கள் கொடியோடு நிற்காமல் சுவரிலும் ஏறிவிட்டன. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவரும் மீன் வாங்க வருகிறவரும் தினமும் பார்க்கிற சுவர்கள் அவை. இதன் பின்னணி என்னன்னு பார்க்கலாம் வாங்க.

எங்கே தொடங்கியது?

இந்தியாவில் இதற்கு முக்கியமான உதாரணம் பெங்களூரைச் சேர்ந்த 'அரவாணி ஆர்ட் புராஜெக்ட்'. ஓவியர் பூர்ணிமா சுகுமார் 2016-ல் தொடங்கிய இந்தக் குழுவில் திருநங்கையரும் மற்ற பெண்களும் சேர்ந்து வரைகிறார்கள். பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் பகுதியில், 'நாங்கள் இருக்கிறோம்' என்று பொருள்படும் கன்னட வாசகத்தோடு ஒரு ஓவியம் வரைந்தார்கள். டெல்லி லோதி காலனி சுவரிலும் இவர்கள் கைவண்ணம் உண்டு. 2024-ல் இத்தாலியின் வெனிஸ் கலைக் கண்காட்சி வரை போய் வரைந்துவிட்டு வந்தார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது?

நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்துதான். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில் அரவானைக் கணவராக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையரை 'அரவாணி' என்று அழைத்தார்கள். பிறகு கருணாநிதி ஆட்சிக் காலத்தில் 'திருநங்கை' என்ற சொல் பரவலானது. 2008-ல் தமிழ்நாட்டில் அவர்களுக்கென நலவாரியமும் அமைந்தது.

சுவர் ஏன் முக்கியம்?

திருநங்கையரைப் பலரும் பார்ப்பது சிக்னலிலோ ரயில் பெட்டியிலோதான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அதே ஒருவர் பட்டப்பகலில் சாரத்தில் ஏறி, கையில் பிரஷ்ஷோடு நின்றால் என்ன நடக்கும்? "என்னக்கா வரையுறீங்க?" என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். ஓவியம் முடிவதற்குள் தெரு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிடும். முடிந்த படத்தைவிட, வரைகிற அந்த நாட்கள்தான் பெரிய விஷயம்.

சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் இதற்கு நெருக்கமான ஒரு முயற்சி நடந்தது. எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களை ஒதுக்கக் கூடாது என்பதற்காகப் பல மனிதர்களின் முகங்களைப் பெரிதாக வரைந்தார்கள். மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரும் இப்படித்தான் ஓவியங்களால் பேசப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

* 2014: மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது.
* 2018: வயது வந்தவர்களின் சம்மதத்துடனான தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
* 2021: தன்பாலீர்ப்பாளர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவுகள் பிறப்பித்தது.
* 2022: இவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது.

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருப்பதால் தமிழ்நாட்டின் நலவாரியம் இங்கே செல்லாது. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் செல்லும். புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றமே உயர் நீதிமன்றம்.

காரைக்காலில் வரைய என்ன தேவை?

முதலில் அனுமதி. தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடமும், அரசுச் சுவர் என்றால் அந்தத் துறையிடமும் எழுத்துப்பூர்வமாக வாங்க வேண்டும். நகராட்சியிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் உரிந்துவிடும். கடலோர உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கான எமல்ஷன் பூச வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சம்மதம். ஒருவர் முகத்தைச் சுவரில் வரைந்தால் ஊருக்கே அடையாளம் தெரிந்துவிடும். வீட்டில் இன்னும் சொல்லாதவருக்கு அதுவே ஆபத்தாகலாம். அதனால் என்ன வரைவது, யார் முகம் என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். வேலைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

ஓவியம் மட்டும் போதுமா?

போதாது. வாடகைக்கு வீடும் வேலையும் கிடைப்பது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சுவரில் இருக்கும் முகத்தை ரசித்துவிட்டு, அதே முகம் வீடு கேட்டு வந்தால் கதவைச் சாத்தினோம் என்றால் அந்தப் பெயின்ட் வீண்தான். அம்மையார் கோயிலும் மஸ்தான் சாகிப் தர்காவும் மாதா கோயிலும் ஒரே ஊரில் இருக்கப் பழகியது காரைக்கால். இவர்களுக்கும் இங்கே ஒரு தெரு, ஒரு வீடு கிடைப்பதில்தான் மீதி வேலை இருக்கிறது.