எலிகளின் மூளை வளர்ச்சியும் தொடக்கக்கால ஊட்டமும்

பிறந்த முதல் சில வாரங்களில் கிடைக்கும் உணவும் வளரும் சூழலும் மூளையின் அமைப்பையே மாற்றுகின்றன என்பது எலிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளால் படிப்படியாகத் தெளிவானது.

இவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் நீலகிரியில் உள்ளது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் ஊட்டக்குறை நோய் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் அங்கு அவர் நடத்திய சோதனைகளில், கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட இளம் எலிகள் நன்கு வளர்ந்து இணக்கமாக வாழ்ந்தன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், டப்பா இறைச்சி முதலியவற்றை உண்டவை வளர்ச்சி குன்றின, பராமரிப்பவர்களைக் கடித்தன, வலுவற்ற எலிகளைக் கொன்று தின்றன. உணவு நடத்தையையும் பாதிக்கிறது என்பதை இது காட்டியது.

மூளைக்குள் நேரும் மாற்றம் பின்னரே தெரிந்தது. 1964-ல் பெர்க்லியில் மரியன் டயமண்ட் குழுவினர், விளையாட்டுப் பொருள்களும் துணை எலிகளும் உள்ள கூண்டில் வளர்ந்தவற்றின் பெருமூளைப் புறணி, தனித்து வளர்ந்தவற்றைவிடத் தடித்திருந்ததைக் கண்டனர். பிறந்து 21 நாள்கள் வரை ஊட்டம் குறைந்த குட்டிகளின் மூளை உயிரணு எண்ணிக்கை, பிறகு போதிய உணவு அளித்தும் மீளவில்லை என வினிக்கும் நோபிளும் 1966-ல் காட்டினர். எனினும், ஊட்டம் குறைந்த குட்டிகளுக்குச் சூழல் தூண்டல் அளித்தால் பிற்கால நடத்தைக் குறைகள் பெரிதும் தணிவதை 1972-ல் லெவிட்ஸ்கியும் பார்ன்சும் கண்டறிந்தனர்.

எலியின் நாள்களை மனிதக் குழந்தையின் மாதங்களோடு நேராக ஒப்பிட இயலாது. ஆயினும், உணவு எப்போது கிடைக்கிறது என்பதும் முக்கியம். 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை எடைபோட்டு, வளர்ச்சி குன்றியோருக்குத் துணையுணவு அளித்தது. 1982-ன் சத்துணவுத் திட்டம் 2 வயதுக் குழந்தைகளிலிருந்து தொடங்கியது. சென்னை தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த எம். எஸ். சுவாமிநாதன், கருவுற்ற நாளிலிருந்து 1000 நாள்களுக்கான ஊட்டத்தை வலியுறுத்தினார்.