பாலைவனச் சூரிய மின்தகடுகளில் தூசி நீக்கம்

பாலைநிலத்துச் சூரிய மின்தகடுகளின் கண்ணாடியில் தூசி தங்காமல் பார்த்துக்கொள்வது, அங்குள்ள மின் நிலையங்களின் பராமரிப்பு வேலைகளில் முதன்மையானது. மேகமற்ற வானமும் மலிவான நிலமும் கிடைப்பதால்தான் பாலைவனத்தைத் தேடிப் போகிறார்கள். புழுதியைக் கிளப்புவதும் அதே நிலம்தான். அதைக் கழுவிவிடும் மழையோ அங்கே அபூர்வம். துடைக்காமல் விட்டால் ஒரே மாதத்தில் மின் உற்பத்தி 30 சதவீதம் வரை சரியக்கூடும்.

இந்தியாவில் இச்சிக்கலை முழு அளவில் காணக்கூடிய இடம் ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில், ஃபலோடி வட்டாரத்தில் உள்ள பட்லா சூரிய மின் பூங்கா. சுமார் 14,000 ஏக்கரில் விரிந்துள்ள அதன் திறன் 2,245 மெகாவாட். 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது இதே ஃபலோடியில்தான். பருவமழைக்கு முந்தைய வாரங்களில் ‘ஆந்தி’ என்று அங்குள்ளோர் சொல்லும் புழுதிப்புயல் வீசி, தகடு வரிசைகளைப் பழுப்பாக்கிவிட்டுப் போகும்.

தூசி ஒட்டிக்கொள்ளும் விதம்

பருமணல் பெரிய எதிரியல்ல. சாய்வான கண்ணாடியில் அது எளிதில் உருண்டுவிடும். வெளிச்சத்தை மறைப்பது மாவு போன்ற நுண்தூசி. ஒரே எடையில் எடுத்துக்கொண்டால், துகள் சிறுக்கச் சிறுக்க அது மூடும் பரப்பு கூடும். 2017-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் காந்திநகர் ஐ.ஐ.டி.யும் வெளியிட்ட ஆய்வில், தகட்டுப் படிவின் எடையில் 92 சதவீதம் தூசி. எஞ்சியது மனிதர் உண்டாக்கும் கரியும் உப்புகளும். அந்தச் சிறு பங்கு, எடைக்கு எடை ஒப்பிட்டால், தூசியைவிடப் பன்மடங்கு அதிகமாக ஒளியை மறித்தது.

ஆனால் தூசியைக் கறையாக்குவது பனி. மேகமற்ற இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதன்மேல் பனி இறங்கித் தூசியில் உள்ள உப்புகளைக் கரைக்கிறது. காலை வெயிலில் ஈரம் காய்ந்ததும் அவ்வுப்புகள் துகள்களுக்கிடையே மறுபடி படிகமாகி, சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிடுகின்றன. கத்தாரின் தோஹாவில் வைத்துப் பரிசோதித்த கண்ணாடிகளில் ‘பாலிகோர்ஸ்கைட்’ என்ற களிமண் கனிமத்தின் நுண்ணூசிகள் துகள்களைப் பிணைத்திருந்ததை நுண்ணோக்கியில் கண்டார்கள். இறுகிய படிவம் காற்றுக்கு அசையாது.

இரவுப் பனி வழியும்போது தூசியையும் இழுத்துவந்து, அலுமினியச் சட்டத்தின் கீழ்விளிம்பில் பட்டையாகச் சேர்க்கிறது. தகட்டின் மற்ற பரப்பு பளிச்சென்று இருந்தாலும் இந்தப் பட்டை போதும்: தொடராக இணைந்த மின்கலங்களில் ஒன்று மூடப்பட்டாலும் அந்தத் தொடர் முழுவதன் மின்னோட்டமும் குறையும். பறவை எச்சம் இன்னும் மோசம். மறைந்த கலம் மின்சாரம் தருவதற்குப் பதில் சூடாகி, நாளடைவில் கருகிவிடலாம்.

நீரும் மாற்றுவழிகளும்

டேங்கர் லாரியில் நீர் கொண்டுவந்து கழுவுவதே நெடுங்காலமாக உள்ள வழக்கம். தார் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதை அப்படியே அடித்தால் வெள்ளைத் திட்டு விழும், எனவே முதலில் உப்பு நீக்க வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் விடியலிலோ அந்தியிலோதான் கழுவுகிறார்கள். உலகெங்கும் தகடு கழுவ ஆண்டுக்குச் சுமார் 3,800 கோடி லிட்டர் நீர் செலவாகிறது என்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் தரும் மதிப்பீடு; 20 லட்சம் பேர் குடிக்கப் போதுமான அளவு. மழைநீரை ‘டாங்கா’ எனும் நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்துவைத்துக் குடிக்கும் ஊர்களுக்குப் பக்கத்தில் இந்தச் செலவு நியாயமாகாது.

நீரில்லாத முறைகளில் இன்று நிலைபெற்றிருப்பது ரோபோ. இஸ்ரேலின் அரவா பாலைவனத்தில் உள்ள கெதூரா மின் நிலையத்தில் 2014-இல் இவை ஓடத் தொடங்கின. பட்லாவிலும் அபுதாபியின் 1,177 மெகாவாட் நூர் நிலையத்திலும் இத்தகைய ரோபோக்கள் உள்ளன. வரிசையின் மேல்கீழ் விளிம்புகளைப் பற்றி ஓடும் சட்டத்தில் மைக்ரோஃபைபர் உருளை சுழன்று தூசியைக் கீழே தள்ளும். பனி இறங்கிய பிறகு ஓட்டினால் தூசி சேறாகித் தேய்ந்து பரவிவிடும். தூரிகை நாளும் உராய்வதால் கண்ணாடியின் எதிரொளி தடுக்கும் மேற்பூச்சு தேய்வதும் கவனிக்க வேண்டிய குறை.

தொடாமலே துடைக்கும் வழியை 2022-இல் எம்.ஐ.டி.யின் ஸ்ரீதத் பானட், கிருபா வாரணாசி இருவரும் வெளியிட்டனர். மின்முனை ஒன்று தகட்டின்மேல் நகரும்போது துகள்கள் மின்னூட்டம் பெற்று விலகித் தெறிக்கின்றன. துகளில் சிறிது ஈரம் இருந்தால்தான் மின்னூட்டம் ஏறும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாவது வேண்டும். மிக நுண்ணிய துகள்களிடம் இம்முறை இன்னும் தடுமாறுகிறது.

எப்போது துடைப்பது என்பதை அறிய, நாள்தோறும் துடைக்கும் கலம் ஒன்றையும் துடைக்காத கலம் ஒன்றையும் அருகருகே வைத்து உற்பத்தியை ஒப்பிடுகிறார்கள். சூரியனைத் தொடரும் சுழல் தாங்கிகள் உள்ள இடங்களில் இரவில் தகட்டைச் செங்குத்தாகத் திருப்பிவைத்தால் பனியும் தூசியும் குறையும். புழுதிப்புயல் ஓய்ந்தால், அடுத்த பனி இறங்குவதற்குள் ஒருமுறை துடைத்துவிடுவதே எல்லாவற்றிலும் மலிவான பராமரிப்பு.