காயப்பட்டோரைச் சுமந்தவர்கள்



நமது மதுரையில், தமுக்கம் அரண்மனையில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு நம்மில் பலர் பள்ளி நாள்களிலேயே போயிருக்கிறோம். அங்கே வைக்கப்பட்டிருக்கும் இரத்தக்கறை படிந்த துணியின் முன் சற்று நேரம் பேசாமல் நின்றிருக்கிறோம். 1948 ஜனவரி 30 அன்று, சுடப்பட்டபோது காந்தியடிகள் உடுத்தியிருந்த துணி அது. அதற்குச் சரியாக 48 ஆண்டுகளுக்கு முன், 1900 ஜனவரியில், அவர் ஒரு போர்க்களத்தில் இருந்தார். கையில் துப்பாக்கி இல்லை. தோளில் ஸ்ட்ரெச்சர் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் 1899-இல் போர் மூண்டது. நேட்டாலில் வாழ்ந்த இந்தியர்களைச் சேர்த்து, காயம்பட்டவர்களைச் சுமக்க ஏறக்குறைய 1,100 பேர் கொண்ட படை ஒன்றைக் காந்தி அமைத்தார். அவர்களுள் ஏறத்தாழ 300 பேரே சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். மற்றவர்கள் கரும்புத் தோட்டங்களிலும் பிற வேலைகளிலும் இருந்த ஒப்பந்தக் கூலிகள். அந்நாளில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டாலுக்குப் போன கூலிகளுள் தமிழர்கள் மிகப் பலர். பூத் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர் மருத்துவரும்கூட. காயத்துக்கு மருந்திட இவர்களுக்குப் பயிற்சி தந்தவர் அவரே.

குண்டு விழும் எல்லைக்குள் இவர்கள் போக வேண்டியதில்லை என்பதுதான் ஒப்பந்தம். ஆனால் ஸ்பியோன் கோப் மலையில் பிணங்கள் குவிந்தபோது தளபதி புல்லர் செய்தி அனுப்பினார்: கட்டாயம் இல்லை, வந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று. இவர்கள் போனார்கள். அந்த நாள்களில் காயப்பட்டவர்களைச் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள். மதுரையிலிருந்து மேலூரைத் தாண்டிப் போகும் தொலைவு அது. பின்னர் படைத் தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்த கூலிகளின் பெயர்களை நாம் அறியோம்.

காயப்பட்டவரைத் தூக்குவது போருக்குத் துணைபோவது ஆகாதா என்று நாம் கேட்கலாம். காந்தியும் தம்மையே அப்படிக் கேட்டுக்கொண்டார். போர்க்களத்தில் காயத்துக்கு மருந்திடுவதோடு நிற்பவரும் போரின் குற்றத்திலிருந்து விடுபட முடியாது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார். அவர் பாதை நேராகவும் இருக்கவில்லை. 1918-இல் குஜராத்தில் ஆங்கிலேயப் படைக்கு ஆள் சேர்க்கக்கூட ஊர் ஊராகப் போனார். ஆனால் 1906-இல், ஜூலு மக்களின் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது, வெள்ளையர் தொட மறுத்த ஜூலு மக்களின் சாட்டையடிப் புண்களைக் கழுவியவர்கள் அவரும் அவருடன் சென்ற சிறு குழுவினருமே. அந்தப் புண்கள் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1920 ஆகஸ்ட் 1 அன்று, போர்ச் சேவைக்காகப் பெற்ற பதக்கங்களை அரசுக்கே திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று, நமது மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, ஏழையின் அரையாடையைத் தம் ஆடையாக்கிக்கொண்டார்.

மனச்சான்று ஒரே நாளில் முதிர்வதில்லை, அன்பர்களே. அது காயங்களின் அருகில் இருந்து கற்றுக்கொள்கிறது.

நமது திருச்சபையிலும் இதற்குச் சாட்சி உண்டு. ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டர், இட்லரின் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தார். காயப்பட்டோருக்குப் பணி செய்ய அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. மனைவி மக்களைப் பிரிந்து 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டுண்டு இறந்தார். 2007-இல் திருச்சபை அவரை அருளாளர் என அறிவித்தது. மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் இடம் தர வேண்டும், அவர்களும் வேறு வழியில் சமூகத்துக்குப் பணி செய்ய வேண்டும் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த போதனை. கொல்ல மாட்டேன் என்பவர் வீட்டுக்குள் ஒளிந்துகொள்வதில்லை. விழுந்து கிடப்பவரைத் தேடிப் போகிறார்.

நமக்குப் போர்க்களம் இல்லை. ஆனால் நான்குவழிச் சாலை இருக்கிறது. சுற்றுச்சாலையில் ஒருவர் இரத்த வெள்ளத்தில் கிடக்கும்போது, வழக்கு வருமோ, சாட்சிக்கு அலைய வேண்டுமோ என்று அஞ்சி நாமும் விலகிப் போனதுண்டு. குருவும் லேவியரும் விலகிப் போனதைக் கேட்டு வருந்துகிற நாம்தான்! 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் உதவுபவரை ஆண்டவர் சொன்ன உவமையின் பெயராலேயே ‘நல்ல சமாரியர்’ என்கிறது. அவருக்குப் பாதுகாப்பும் தருகிறது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் நாம் திரும்பி வரலாம்.

ஸ்பியோன் கோப்பில் சுமந்த நம்மவர்களும் பெயர் இல்லாமல்தான் போனார்கள். அவர்கள் பெயர்களை இறைவன் அறிவார். அடுத்த முறை சாலையோரம் ஒருவர் கிடந்தால் வண்டியை நிறுத்தும் துணிவை அவர் நமக்கும் தருவாராக. ஆமென்.