தோலுக்கு அடியில் உருளும் கொழுப்புக்கட்டி: கேன்சரா? பயப்பட வேண்டுமா?

மதுரை:
தோள், முதுகு, கை, கழுத்தில் சின்னதாக ஒரு உருண்டை. தொட்டால் வலிக்காது. விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் முதல் கடையில் கல்லாவில் உட்காருபவர் வரை யாருக்கும் இது வரலாம். "கேன்சரா இருக்குமோ" என்று தூக்கத்தை தொலைப்பவர்களும் உண்டு. "வெறும் கொழுப்புதானே" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுபவர்களும் உண்டு. டாக்டர்கள் இதை 'லைபோமா' என்கிறார்கள்.

எப்படி வருகிறது?

தோலுக்கு அடியில் கொழுப்பை சேமிக்கும் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் எண்ணெய் நிரப்பிய குட்டி பலூன் மாதிரி. நடுவில் பெரிய கொழுப்புத்துளி இருக்கும். உட்கரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். இந்த செல்கள் ஒரே இடத்தில் பெருகி, மெல்லிய உறைக்குள் அடைபட்டால் அதுதான் கொழுப்புக்கட்டி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாதாரண கொழுப்பு போலவே தெரியும்.

பல கட்டிகளில் 12-வது குரோமோசோமில் மாற்றம் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துள்ளனர். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். 40 முதல் 60 வயதில்தான் அதிகம். ஒல்லியானவர்களுக்கும் வரும். பட்டினி கிடந்து உடம்பு இளைத்தாலும் கட்டி கரையாது.

எப்போது உஷார்?

சாதாரண கொழுப்புக்கட்டி கேன்சராக மாறுவது மிக மிக அபூர்வம். ஆனால் 'லைபோசார்கோமா' என்று வேறு ஒன்று இருக்கிறது. இதுதான் கொழுப்பு திசுவில் வரும் கேன்சர். தொடையிலும், வயிற்றின் பின்பக்கத்திலும் ஆழமாக வளரும். ஆரம்பத்தில் வலிக்காது என்பதால் பலர் ஏமாந்து விடுகிறார்கள்.

கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், கிடுகிடுவென வளர்ந்தால், வலித்தால், நகராமல் கெட்டியாக இருந்தால், வெட்டி எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்கேன் எடுத்து, ஊசி மூலம் சதை எடுத்து பரிசோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு வேண்டாம்

சுண்ணாம்பு வைப்பது, சூடு போடுவது, பிளேடால் கீறுவது கூடவே கூடாது. கட்டி போகாது. புண்ணாகி சீழ்தான் பிடிக்கும்.

தொந்தரவு இல்லாத சின்ன கட்டியை அப்படியே விட்டுவிடலாம். எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, உறையோடு எடுத்து விடுவார்கள். மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை பிரிவில் காட்டலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்காரர்கள் முதலில் தங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கே போகலாம்.

எடுத்த கட்டியை லேப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, ரிசல்ட்டை கேட்டு வாங்க மறக்காதீங்க.