வேலியில் இருந்த மருந்து

தியாகதுருகத்துக் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் எங்கள் தாத்தாவின் வீடு. வேலி முழுவதும் பூனைக்காலிக் கொடி. அதன் காயிலுள்ள சுணை மேலே பட்டுவிட்டால் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். சிறுவர்கள் நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மாத்திரை உருட்டுகிறவரைப் போல அவருடைய விரல்கள் ஓயாமல் ஆடும். எழுந்து நின்றால் முதல் அடி வராது. "வயசாகிவிட்டது" என்றார்கள் வீட்டில். "நடுக்குவாதம்" என்றார் வைத்தியர். அந்தத் திண்ணைக்கும் அந்த வேலிக்கும் உறவு உண்டென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த வியாதியை ஆறு பேரை வைத்து விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி! மூளையில் கோளாறு எங்கே என்பது தெளிய நூறு வருஷம் ஆயிற்று. நடுமூளையில் கறுப்பாக ஒரு பகுதி உண்டு. இந்நோயாளிகளுக்கு அங்கேயுள்ள உயிரணுக்கள் அழிந்து கிடப்பதை 1919-ல் பாரிஸில் டிரெட்டியாகாஃப் எடுத்துக் காட்டினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து 'டோப்பா' என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1937-ல் செய்தி வெளியிட்டார்கள். மருந்து கைக்கு வந்துவிட்டது. எந்த நோய்க்கு என்பதுதான் தெரியவில்லை.

அதைத் தெரிவித்தது நம் நாட்டின் மற்றொரு செடி. சர்ப்பகந்தா வேரில் கிடைக்கும் ரிசர்பின், ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்துவந்த மருந்து. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோப்பாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின! அது 1957. டோப்பா மூளைக்குள் சென்று 'டோபமைன்' ஆகிறது. அங்கங்களை ஆட்டிவைக்கும் பகுதிக்கு அந்தச் சரக்கை அனுப்புவது அந்தக் கறுப்பு அணுக்கள்தான். அவை மடிந்தால் சரக்கு நின்றுபோகிறது. நோயாளிகளின் மூளையில் அது வற்றியிருப்பதை 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச் கண்டார். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் டோப்பாவைத் தாராளமாகக் கொடுத்து, முடங்கியவர்களை நடக்கவைத்தார்.

நம் வேலியிலேயே எல்லாம் இருந்தது என்று மார்தட்டத் தோன்றும். இருந்தது உண்மை. கேள்வி பிறக்கும்வரை விடை வேலியில்தான் கிடக்கும். மடிந்த அணுக்களை டோப்பா உயிர்ப்பிப்பதும் இல்லை. நாளாக ஆக அதன் பலன் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

கடைசி வருஷங்களில் தாத்தாவுக்கு அந்த மாத்திரை கிடைத்தது. ஒரு நாள் காலை, யார் கையையும் பிடிக்காமல் வேலி வரை நடந்தார். பூனைக்காலியைப் பார்த்தபடி சற்று நின்றார். "இதை வெட்டிப் போடுங்கடா, பிள்ளைகளுக்கு அரிக்கும்" என்றார்.